கனம் பொருந்திய வண்டி

ஞாயிறு காலை ஏழே கால் மணி. பார்ப்பது நான்காவது வண்டி. பார்ப்பவர் ஆறுக்குட்டி.

முதல் மூன்றையும் அவர் வேண்டாம் என்றதற்கு ஒரே காரணம்தான். அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங் சுண்டுவிரலுக்குச் சுற்றியது. கிளட்ச் தலையணை மாதிரி அமுங்கியது. இப்படிப்பட்ட வண்டியை வாங்கவா வீட்டிலிருந்த சின்னக் காரை விற்றார்?

விஷயம் வேறு. அவர் மனைவி ராஜகுமாரி மஞ்சூரில் டீச்சர். லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. "ஏனுங்க, இன்னைக்கு நான் ஓட்டட்டுங்களா?" என்று வாராவாரம் கேட்பார். மழை, மூடுபனி, டூரிஸ்ட் கூட்டம், காட்டெருமை என்று ஆறுக்குட்டியும் மாற்றி மாற்றிச் சொல்லி வந்தார். நீலகிரியில் இந்த நான்குக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்துவிட்டது. ரோட்டில் ஒரு எருமைகூட இல்லை. அன்றுதான் ஆறுக்குட்டி முடிவுக்கு வந்தார். ராஜகுமாரி தொடவே பயப்படும்படி பழைய, பெரிய, முரட்டு வண்டி ஒன்றை வாங்கிவிட வேண்டும். அப்புறம் ஸ்டியரிங் ஆயுசுக்கும் அவர் கையில்.

குன்னூர் ஜஸ்டஸ் விற்க வைத்திருந்தது பன்னிரண்டு வருஷத்து ஏழு சீட் எஸ்.யூ.வி. ஜஸ்டஸ் எஸ்டேட் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பொய் சொன்னால் இருமல் வந்துவிடும்.

"சார், மறைக்க விரும்பல. கிளட்ச் கொஞ்சம் கனம்."

"கனமுங்களா? எவ்வளவு கனம்?"

"சாயங்காலம் கெண்டைக்கால் வலிக்கும்."

"பேஷ்! கனம் பொருந்திய வண்டின்னு சொல்லுங்க."

"ரிவர்ஸ் கியர் சட்டுனு விழாது. மல்லுக்கட்டணும்."

"மல்லா!" ஆறுக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பானெட் நீளம். மூக்குக்கு முன்னாடி என்ன நிக்குதுன்னு தெரியாது."

"ராஜி, கேட்டயா? முன்னாடி ஒண்ணுமே தெரியாதாம்!"

"கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார் ராஜகுமாரி.

ஜஸ்டஸ் கவலையோடு கேட்டார். "சார், நிஜமாவே வாங்கத்தான் வந்தீங்களா?"

பர்லியார் வரை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆறுக்குட்டி ஓட்டினார். பக்கத்தில் ஜஸ்டஸ். பின்னால் ராஜகுமாரி. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பின் சீட்டிலிருந்து ஈனக்குரல் வந்தது.

"ஏனுங்க... ஓமட்டுது. நிறுத்துங்க."

இறங்கித் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன் சீட்டுக்கு மாற்றினார்கள். மூன்றாவது வளைவில் மறுபடியும் அதே சுவர், அதே குரல்.

"வேற வண்டி பாத்துக்கலாமுங்க" என்றார் ராஜகுமாரி. "போன வாரம் பாத்தமே, லேசா இருந்துச்சே, அது..."

"ஐயோ, இதை விடக் கூடாது ராஜி!"

ஜஸ்டஸ் வெகுளியாகச் சொன்னார். "ஸ்டியரிங் பிடிக்கிறவங்களுக்கு மட்டும் குமட்டவே குமட்டாது சார். டீச்சருக்கு லைசென்ஸ் உண்டா?"

"இருக்குதுங்க. பர்ஸ்லயே ஓடிட்டு இருக்குது."

ஆறுக்குட்டி ஒரு கணம் யோசித்தார். ஓட்டட்டும். பத்தடியில் பயந்து இறங்கிவிடுவாள். அதோடு ஆறு வருஷத் தொல்லையும் தீர்ந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் பெருந்தன்மையாகச் சாய்ந்தார்.

ராஜகுமாரி சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். ரிவர்ஸ் கியரை ஒற்றைக் கையால் போட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

ஜஸ்டஸ் வாயைப் பிளந்தார். "டீச்சர், எங்கே பழகினீங்க?"

"எங்கண்ணன் கோத்தகிரியில தேயிலை பிக்கப் வெச்சிருக்கறாருங்க. லீவுக்குப் போனா நான்தான் ஓட்டுவேன். அந்தக் கிளட்சுக்கு இது பஞ்சுங்க."

"இப்போ குமட்டலையா?"

"குமட்டலா? மஞ்சூர் பஸ்ல ஒன்பது வருஷமாக் கடைசி சீட்டுல கடலை கொறிச்சுட்டே போறனுங்க. எனக்கேன் குமட்டப் போகுது?"

ஆறுக்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது வளைவு வந்தது. முப்பது வருஷமாக அவர் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. 'அப்படியானால் சற்று முன்...' என்று கேட்க வாயைத் திறந்தார். வந்தது கேள்வி அல்ல.

"முன் சீட்டுக்குப் பின்னாடி பையில கவர் வெச்சிருக்கறனுங்க" என்றார் ராஜகுமாரி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாத்துங்க. கனம் பொருந்திய வண்டி."

2025 மார்ச் 3, திங்கட்கிழமை. வண்டி வாங்கியாயிற்று. ராஜகுமாரி வண்டியில் மஞ்சூருக்குப் போனார். ஆறுக்குட்டி அருவங்காடு தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போனார். நின்றுகொண்டு.