நெவில் நேரில்தான் காட்டுவார்

போனில் பார்க்கிறவர் டாக்டரே இல்லை என்று நெவில் முடிவு கட்டிவிட்டார். அவராகக் கட்டிய முடிவல்ல. தினமும் காலை டீயோடு பத்திரிகை கட்டிக் கொடுத்தது. 'ஒளிந்துகொள்ளும் டாக்டர்கள்', 'போனுக்குப் பின்னால் பதுங்கல்' என்று இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊருக்கே கேட்கும்படி தலைப்புகளைப் படிப்பார். எதிரே மனைவி டோரீன் ரொட்டிக்கு மார்மலேடு தடவிக்கொண்டிருப்பாள்.

கோபம் உண்மைதான். அதைவிடப் பெரிது வெட்கம். சில வாரங்களாக, உட்காரும் இடத்தில் ரத்தம். துணி துவைக்கையில் டோரீன்தான் கண்டுபிடித்தாள். அவள் அண்ணன் இப்படி மறைத்து மறைத்தே போய்ச் சேர்ந்தவர். பயத்தில் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவளே கிளினிக்கில் சொல்லி, டாக்டரைப் போனில் கூப்பிட வைத்தாள்.

"எப்படி இருக்கீங்க, நெவில்?"

"நல்லாயிருக்கேன் டாக்டர். குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல."

சாகக் கிடந்தாலும் அந்த ஊர்க்காரன் இதைத்தான் சொல்வான். போனை வைத்தார்.

"பாத்தியா டோரீன்? நேர்ல வான்னு ஒரு வார்த்தை சொல்லல."

"நல்லாயிருக்கேன்னு சொன்னவன எதுக்கு வரச் சொல்லணும்?"

"போன்ல அதையெல்லாம் எப்படிச் சொல்றது? இவங்களப் பேப்பர்ல போட்டாத்தான் புத்தி வரும்."

டோரீன் எழுந்தாள். அடுத்த அறைக்குப் போய் இரண்டு போன் பேசினாள்.

வியாழக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். 'டாக்டர் பார்க்க மறுத்த முதியவர்' என்று கிளினிக் வாசலில் படம் எடுக்க வேண்டுமாம். யார் சொல்லி வந்தாள் என்று நெவில் கேட்கவில்லை. புகழ் வீடு தேடி வரும்போது யார் கேட்பார்கள்? அந்தப் படங்களுக்கென்றே ஒரு முகம் உண்டு. கையைக் கட்டி, உதட்டைத் தொங்கவிட்டு, உலகமே ஏமாற்றிய மாதிரி நிற்க வேண்டும். நெவில் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டு, நல்ல கோட்டோடு, டோரீனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

படம் எடுத்து முடியவும் கிளினிக் கதவு திறந்தது. போனில் பேசிய டாக்டரம்மாவே நின்றார்.

"வாங்க நெவில். நேர்ல பாக்கணும்னு உங்க வீட்டம்மா நேரம் வாங்கியிருக்காங்களே."

நெவில் டோரீனைப் பார்த்தார். டோரீன் கூரைமேல் உட்கார்ந்திருந்த கடற்பறவையைப் பார்த்தாள். பத்திரிகைப் பெண் நெவிலையே பார்த்தாள். ஓட வழியில்லை.

"பேண்ட்டக் கழட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க," என்றார் டாக்டரம்மா உள்ளே.

"இத... போன்லயே பேசிக்கலாமா டாக்டர்?"

நெவிலுக்குக் காது மடல்வரை கூசியது. எல்லாம் பார்த்து, வெறும் மூலம்தான், களிம்பு போதும் என்றார் டாக்டரம்மா. வெளியே அதைக் கேட்ட டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவளை இத்தனை நாள் தவிக்க விட்டோமே என்று நெவிலுக்கு இன்னொரு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் பத்திரிகை வந்தது. அரைப் பக்கத்துக்கு அவருடைய தொங்கிய முகம். மேலே கொட்டை எழுத்தில்: 'மூலம்: ஒருவழியாக நேரில் பார்த்தார் டாக்டர்'.

"இது எப்படி இவங்களுக்குத் தெரிஞ்சுது?"

"என்ன வியாதின்னு அந்தப் பொண்ணு கேட்டா. சொன்னேன்."

"ஐயோ, ஊரே படிக்குமே டோரீன்."

"போன்ல சொல்லியிருந்தா டாக்டரோட போயிருக்கும்."