பேனலக்காவின் வலது பக்கம்

நாமக்கல் மாவட்டத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் பேனலக்காதான். கம்ப்யூட்டர்தான் அவரைப் பார்த்துப் பயந்தது. காலையில் அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே அது ஒருமுறை தானாக அணைந்து எழும் என்று எங்கள் லோடுமேன்கள் சத்தியம் செய்வார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மோகனூர் சாலையில் ஒரு கோழித்தீவன அலுவலகம். அங்கே அவர் பில் போடுகிறவர், நான் மேனேஜர். கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்றபின், எம்.காம். பட்டத்தையும் ரத்தக்கொதிப்பையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். அவர் என்னைவிட மிக இளையவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திருத்திவிடுவார் என்று தோன்றும் முகம் அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கோழை நான்தான். கடைசிவரை படித்துக் கண்டுபிடிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஒரு பட்டை ஓடுமே, ஓரத்தில் மணி காட்டும், வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் நிற்கும், அதுதான் பேனல். நம்மில் பெரும்பாலோர் அது பிறந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஓட்டியது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள். அதில் பேனலை எந்தப் பக்கத்துக்கும் நகர்த்தலாம், எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், தேவையில்லாத நேரத்தில் ஒளிந்துகொள்ளச் சொல்லலாம். இதை யாரோ பேனலக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஆளை நாங்கள் ரொம்ப நாள் தேடினோம்.

முதல் வாரம் பேனல் அடியிலிருந்து வலது பக்கத்துக்குப் போனது. ஏன் என்று கேட்டேன். “சோத்தாங்கையிலதானுங்க சார் சோறு திங்கறேன்” என்றார். மறுவாரம் மேலே ஒன்று முளைத்தது. பிறகு இடது பக்கம் ஒன்று, அடியில் ஒன்று. கடைசியில் நான்கு பக்கமும் சுவர் எழும்பி, நடுவில் பில் தெரிகிற இடம் பொங்கல் வாழ்த்து அட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைச் சொன்னதும் நான்கில் மூன்றை ஒளித்து வைத்தார். மவுஸ் ஓரத்துக்குப் போனால் மட்டும் சரேலென்று வெளியே வரும். ஒருநாள் முதலாளி ஏதோ பில் பார்க்க அங்கே உட்கார்ந்து மவுஸை நகர்த்தினார். இடது பக்கத்திலிருந்து ஒன்று பாய்ந்தது. தீவன குடோனில் சாரைப்பாம்பைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிக் கையை இழுத்ததில்லை. அதன்பிறகு அந்த மேசைப் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

படங்களையும் அக்கா விடவில்லை. பில் போடும் புரோகிராமுக்குப் பெட்டைக்கோழிப் படம். முதலாளியின் கணக்குக்குச் சேவல். ஈமெயிலுக்கு லாரி. போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாதாம். நான் ஒப்புதல் தரவேண்டிய ஃபைல்கள் கிடக்கும் ஃபோல்டருக்கு ஓர் அடைக்கோழி, கூடையில் படுத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. இது என்ன என்று கேட்டேன்.

“நீங்கதானுங்க சார். ஒரு ஃபைலு மேல உக்காந்தீங்கன்னா எந்திரிக்கவே மாட்டீங்களே.”

எழுந்து போய்விட்டேன், எழுந்திருப்பேன் என்று நிரூபிப்பதற்காக.

கடிகாரம் இன்னொரு கூத்து. பேனலில் மணி எப்படித் தெரியவேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். மணியோடு நமக்குப் பிடித்த வார்த்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வசதியைச் செய்தவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, எங்கள் அலுவலகத்தை நினைத்திருக்க மாட்டார். “மணி 11.05. லோடு ஏறலியா?” என்று நிற்கும். “மணி 1.20. சோறு.” என்று நிற்கும். கடன் சொல்லிப் பேச்சை வளர்க்கிற பண்ணைக்காரர் வந்தால், நாலு தட்டுத் தட்டிவிட்டுத் திரையை அவர் பக்கம் லேசாகத் திருப்பி வைப்பார். “மணி 4.15. பொழுது போவுதுங்க.” அவரும் படித்துவிட்டு எழுந்து போவார். எதிர்த்துப் பேச முடியாது, அது மணிதானே.

ஒரு தடவை, அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று அவர் லீவில் போயிருந்தார். வாசலில் லாரி நிற்கிறது, பில் போட ஆளில்லை. நானே அவர் மேசையில் உட்கார்ந்தேன். திரையில் பெட்டைக்கோழியைக் காணோம். எங்கேயோ ஒளிந்திருக்கிறது. மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. போன் போட்டேன். அங்கே மேளச்சத்தம்.

“மவுச மேல கொண்டு போங்க சார்.”

“கொண்டு போய்ட்டேன்க்கா.”

“இன்னும் மேல. செவுத்துல முட்டற வரைக்கும். பயப்படாதீங்க சார், அதுவா வரும்.”

வந்தது. பில்லும் வந்தது. லாரி டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

மறுநாள் டீ நேரத்தில் அவரிடம் கேட்டேவிட்டேன், எதற்கு இத்தனை பாடு, எல்லோரையும் போல அடியிலேயே விட்டால் என்ன என்று. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். வேலகவுண்டம்பட்டிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணியை அவர்கள் வழக்கப்படி நங்கையா என்பார், வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களை ஒறம்பரை என்பார்.

“எங்கண்ணன் ஊடு பெரிய ஊடுங்க சார். என்ற சீப்பு எங்க இருக்கோணும்னு நங்கையா சொல்லும். என்ற பெட்டி எங்க இருக்கோணும்னு அண்ணன் சொல்லும். ஒறம்பரை வந்தா நான் எங்க படுக்கோணும்னு ஒறம்பரை சொல்லும். இத்தன வயசுக்கு அந்த ஊட்ல நானா ஒரு ஆணி அடிச்சதில்ல. இங்க மட்டுந்தான் நான் வெச்சது வெச்ச எடத்துல கெடக்குது.”

சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டார். தட்டில் கடைசியாக இருந்தது, என்னுடையது.

அடுத்த ஆண்டு சின்னவர் வந்தார். முதலாளியின் மகன். வெளியூரில் படித்து முடித்துவிட்டு நிர்வாகத்தைச் சீர்படுத்த வந்தவர். கெட்டவர் இல்லை. எந்த மேசையில் யார் உட்கார்ந்தாலும் வேலை ஓடவேண்டும் என்றார். காதுகுத்து அன்று நான் பட்ட பாட்டை நினைத்தால் அதில் நியாயம் இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே பேனல், அடியில், ஆறு படம், கம்பெனி முத்திரை. பிறகு அதை யாரும் நகர்த்த முடியாதபடி பூட்டிவிட வேண்டும். பூட்டுகிற பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது.

பேனலக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பூட்டினேன். அவர் இருக்கும்போது செய்யலாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. பெட்டைக்கோழி, சேவல், லாரி, அடைக்கோழி எல்லாம் ஒரு தட்டில் போய்விட்டன. கடிகாரம் வெறும் மணியைக் காட்டியது.

அவர் திரும்பி வந்து பார்த்தார். வலது பக்க ஓரத்தில் மவுஸை இரண்டு தடவை முட்டிப் பார்த்தார், கதவைத் தட்டுவது போல. பிறகு எழுந்து குடோன் பக்கம் போனார். அழப் போகிறார் என்று நினைத்து நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் முட்டை அட்டைகளோடு வந்தார். மானிட்டரைக் காலிலிருந்து கழற்றி, பக்கவாட்டில் புரட்டி நிறுத்தி, இருபுறமும் அட்டைகளை அண்டக் கொடுத்தார். அடியில் இருந்த பேனல் இப்போது வலது பக்கம். எழுத்தெல்லாம் சுவர் ஏறும் பல்லி மாதிரி செங்குத்தாகப் போனது. பேனலக்கா இடது காது தோளில் படும்படி தலையைச் சாய்த்து, மவுஸைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, பில் போட ஆரம்பித்தார்.

ஒரு பில்லும் தப்பாகவில்லை.

அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள், ஏதோ காற்றடித்துச் சாய்ந்த தோப்புக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். தீவனம் வாங்க வந்த பண்ணைக்காரர்கள் தலையைச் சாய்த்து நின்று தொகையைப் படித்தார்கள். லோடுமேன்கள் சாய்ந்தார்கள். டீக்காரர் சாய்ந்ததில் டீ சிந்தியது. என் வீட்டில், ஏன் ஒருபக்கமாகவே நடக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். அக்காவுக்கு உண்மையிலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. சுளுக்கு வழிப்பவரிடம் போய் எண்ணெய் வாசனையோடு வந்தார். வந்து, மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தார். என் மேசையிலிருந்து எழுந்து போய் அந்தப் பூட்டை எடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். நான் ஃபைல்களின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

சின்னவர் பார்க்க வந்தார். தலையை நேராக வைத்துக்கொள்வது என்று உறுதியோடு வந்திருந்தார். அரை நிமிஷம் தாக்குப்பிடித்தார். பிறகு அவரும் சாய்ந்தார்.

“என்னங்க இது?”

“பில்லுங்க.”

“மொதல்ல அதை நிமித்தி வைங்க.”

“நீங்க பூட்டுனதுல நான் கை வெக்கலீங்க. பேனலு உங்குளுது. கம்ப்யூட்டரு உங்குளுது. மேசை உங்குளுது. கழுத்து என்னுதுங்க.”

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். “சார், பெரியவர் நீங்க சொல்லுங்க.”

தராசில் மூட்டை வைத்தவன்கூட அப்படியே நின்றான். எனக்கு எல்லாம் தெரியும். அந்த வலது பக்க ஓரம் அவருக்கு என்ன என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நிலைமை அறிந்தவன், படித்தவன், வயதில் மூத்தவன், மூன்று தகுதியும் சேர்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “நிர்வாகம் ஒன்று சொன்னால் அனுசரித்துப் போவதுதானே முறை?” பேசும்போதுகூட எழுத்துத் தமிழில் சொன்னேன். பயந்தால் எனக்கு இலக்கணம் வந்துவிடும்.

பேனலக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வெகு நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். கோபமில்லை. அடைக்கோழியைக் கூடையிலிருந்து தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் பொரிக்கவில்லை என்று திரும்ப வைப்பார்களே, அப்படி ஒரு பார்வை. மறுபடி சாய்ந்து அந்தப் பில்லை முடித்தார். பிரிண்ட் எடுத்தார். பண்ணைக்காரரிடம் கொடுத்தார். “இந்த மாசத்தோட நின்னுக்கறேனுங்க” என்றார், பில்லிலேயே சேர்ந்த ஒரு வரி போல.

கடைசி நாள் மானிட்டரை நிமிர்த்திக் காலில் பொருத்தி, தூசி துடைத்து வைத்தார். முட்டை அட்டைகளைக் குடோனில் கொண்டுபோய் அடுக்கினார். பிறகு நேராக என் மேசைக்கு வந்து, “சித்த எந்திரிங்க சார்” என்றார். எழுந்தேன். என் கம்ப்யூட்டருக்குப் பூட்டுக் கிடையாது. சாவி வைத்திருப்பவன் வீட்டை யார் பூட்டுவார்கள்? ஏதோ தட்டினார். “போய்ட்டு வாரேனுங்க” என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். என் பேனலின் மூலையில் கடிகாரம் சொன்னது: “மணி 5.40. பயப்படாதீங்க சார்.”

எனக்கு வந்த முதல் யோசனை, சின்னவர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது. அதற்குப் பயந்து, தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அந்த மூலையில் ஒட்டினேன். அந்த அலுவலகத்தில் இருந்தவரை அது அப்படியே இருந்தது. நேரம் பார்க்க வேண்டுமானால் யாரும் இல்லாதபோது தாளைத் தூக்கிப் பார்ப்பேன்.

பேனலக்கா பிறகு மோகனூரில் ஓர் உரக்கடையின் மாடியறையை வாடகைக்குப் பிடித்துக் குடிபோனார். சின்னப் பண்ணைக்காரர்களுக்கு அங்கேயே பில்லும் கணக்கும் போட்டுக்கொடுத்தார். மன்னிப்புக் கேட்பதற்காக நான் ஒருநாள் போனேன். உள்ளே நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். நான்கு சுவரிலும் ஆணிகள். சீராக இல்லை, அங்கங்கே, நினைத்த இடத்திலெல்லாம். ஒன்றில் சீப்பு தொங்கியது, ஒன்றில் பை. மற்றவையெல்லாம் காலி. கம்ப்யூட்டர் திரையில் பேனல் வலது பக்கம் நின்றது. கட்டுப்படுத்த ஆளில்லை என்பதால் பக்கத்துக்கு இரண்டாக இன்னும் நிறைய ஒளிந்திருக்கலாம். நான் மவுஸைத் தொடவில்லை.

“இத்தன ஆணி எதுக்குக்கா?”

“இன்னும் மாட்டறதுக்கு ஒண்ணும் வாங்கலீங்க சார். ஆணி இருக்கட்டும்.”

நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். அதுவும் எழுத்துத் தமிழில்தான் வந்தது. இரண்டாவது வாக்கியத்தில் அவர் என்னை நிறுத்திவிட்டு, காப்பி வேண்டுமா என்று கேட்டார். குடித்தேன். டம்ளரை எங்கே வைப்பது என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் ஓர் இடம் இருந்தது, காட்டினார்.

நான் வேலையை விட்டபோது, பழசாகிவிட்டது என்று என் கம்ப்யூட்டரை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது அது வீட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. காலண்டர் தாளை முதல் நாளே கிழித்துப் போட்டேன். இதையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ரிப்பேருக்கு வந்தவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் வேகமாக ஓடும் என்றார். வேண்டாம், மெதுவாகவே ஓடட்டும் என்றேன்.

பேனலை மாற்ற இப்போது எனக்கும் தெரியும். பேனலக்கா வைத்திருந்தது போலவே அதை வலது பக்கம் நகர்த்தி வைத்தேன். அந்தக் கடிகாரத்தின் வரியை மட்டும் தொடவில்லை. மாலை வெயில் அடங்கி மணி 5.40 ஆகும்போது அது அன்று சொன்னதையே அப்படியே சொல்லும், நான் ஒருதரம் படிப்பேன். பிறகு வேறு யாரும் கைவைக்காதபடி, அதே பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பூட்டிவிட்டேன்.