பார்வை குறையாமைக்கு விளக்கம்

1979-ஆம் ஆண்டு மேச்சேரி வட்டாரத்துக்கு மேலிடம் ஒரு பெருங்கருணை காட்டியது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலியும் இல்லாமல் சத்தமும் இல்லாமல், ஓரத்திலிருந்து தொடங்கிப் பார்வையைத் தின்னும் கிளாக்கோமா என்ற நோய், அதை எப்படித்தான் தின்கிறது என்று கண்டறிய ஐந்தாண்டு ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. நான் அதில் எழுத்தர். டாக்டர் சண்முகவேல் ஆராய்ச்சி அலுவலர். சுவரில் ஒரு கறுப்புத் துணி, குச்சி முனையில் ஒரு வெள்ளைப் பொத்தான், ஒரு ஜீப், நாற்பது கூலிங் கிளாஸ். இவ்வளவுதான் எங்கள் தளவாடம்.

முதல் மாதம் ஈ, காக்கை வரவில்லை. சேருகிறவர்களுக்குக் கூலிங் கிளாஸ் இலவசம் என்று தண்டோரா போட்டோம். மறுநாள் வாசலில் தள்ளுமுள்ளு. கூலிங் கிளாஸ் இல்லாமல் கல்யாண போட்டோவில் நிற்பதே கௌரவக் குறைச்சல் என்றிருந்த காலம். நோயே இல்லாதவர்கள்கூட, "எனக்கும் லேசா அழுத்தம் இருக்குதுங்க" என்று கெஞ்சினார்கள். சோதித்துப் பார்த்து, உண்மையான நோயாளிகள் நாற்பது பேரைப் பொறுக்கி எடுத்தோம்.

அவர்களில் ஒருவர் நாச்சிமுத்து. அறுபது ஆடு வைத்து மேய்ப்பவர்.

"இடது பக்கம் போற ஆடு காணாமப் போகுதுங்க. திரும்பிப் பாத்தா அங்கயேதான் மேயுதுங்க" என்றார்.

"அருமையான கேஸ்!" என்று டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"மருந்து எப்பங்க குடுப்பீங்க?"

"மருந்தா? மருந்து போட்டா பார்வை போறது நின்னுடுமே. நின்னுட்டா, எப்படிப் போகுதுன்னு நான் எப்படிப் பாக்கறது?"

"அப்ப என்ற கண்ணு?"

"அதைத்தான் அஞ்சு வருஷம் கண்காணிக்கப் போறோம். கவலையே படாதீங்க."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாற்பது பேரையும் கறுப்புத் துணிக்கு எதிரே உட்கார வைப்போம். டாக்டர் பொத்தானை மெல்ல நகர்த்துவார். அது தெரிந்ததும் சொல்ல வேண்டும். தெரிந்த அளவை நான் சிவப்பு மையில் வரைபடமாக்குவேன். முப்பத்தொன்பது கோடுகள் ஒழுங்காகக் கீழே இறங்கின. நாச்சிமுத்துவின் கோடு மட்டும் ஓராண்டு இறங்கிவிட்டு, பிறகு படுத்த எருமைபோல அசையாமல் கிடந்தது. இரண்டாண்டு பொறுத்துப் பார்த்தோம். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது? குறிப்பாணை அனுப்பும்படி டாக்டர் உத்தரவிட்டார். வாசகம் அடியேனுடையது:

"தங்கள் பார்வை திட்டமிட்டபடி குறையாதது ஏன் என்பதற்கு, இக்குறிப்பாணை கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டியது. தவறும் பட்சத்தில், சொல்வதற்கு ஒன்றும் இல்லை எனக் கருதி மேல் நடவடிக்கை எடுக்கப்படும்."

இரண்டாம் நாளே நாச்சிமுத்து மனைவி பாவாயியோடு வந்து நின்றார்.

"தப்பு என்ற மேலதானுங்க சாமி. சங்ககிரி லாரி ஒண்ணுல ஏறிக் கோயமுத்தூரு போனனுங்க. அங்கொரு டாக்டரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாருங்க. ரெண்டு வருசமா இவதான் ஊத்தறா."

"ரெண்டு வருஷமா ஆராய்ச்சியை ஏமாத்தியிருக்கீங்க!" என்றார் டாக்டர்.

பாவாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, போன பார்வை போச்சு. மிச்சத்தக் காப்பாத்தறது தப்புங்களா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னா? திட்டத்துல இடமில்லைன்னு சொல்றேன்."

நாச்சிமுத்துவின் பெயர் நீக்கப்பட்டது. காரணம்: ஒத்துழையாமை. கூலிங் கிளாஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தேன்.

ஊரும் அவரை விடவில்லை. கூட ஆராய்ச்சியில் இருந்த மாரியப்பன் சந்தையில் பிடித்துக்கொண்டார். "ஊரு மானத்தையே வாங்கிப் போட்டீங்களே! நாங்கெல்லாம் ஒத்துழைக்கறதில்லீங்களா?" இதை அவர் நாச்சிமுத்துவிடம் சொல்வதாக நினைத்துப் பக்கத்திலிருந்த உப்பு மூட்டையிடம் சொன்னார்.

"உங்களுக்கும் ஒரு பாட்டில் வாங்கியாறட்டுங்களா? இன்னும் கொஞ்சம் பார்வை மிச்சமிருக்குதுங்களே" என்றார் நாச்சிமுத்து.

"சும்மா இருங்க. அஞ்சு வருசம் முடிச்சாச் சான்றிதழ் குடுக்கறாங்க. அதக் கெடுத்துப் போடாதீங்க."

1984-இல் முந்நூறு பக்க அறிக்கை வெளியானது. முடிவு ஒரே வரி: மருந்து போடாவிட்டால் பார்வை போய்விடும். பந்தல், மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள் என்று விழா அமர்க்களப்பட்டது. முப்பத்தொன்பது பேரையும் கையைப் பிடித்து மேடையேற்றினோம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இறங்கியபின் அவர்களுக்கு ஒரே ஆசை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். நாச்சிமுத்துதான் ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துக் காட்டினார். மாரியப்பனுடையதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"பேரு சரியாப் போட்டிருக்குதுங்களா?" என்றார் மாரியப்பன்.

"சரியாத்தான் இருக்குதுங்க."

"அப்பச் சரி."

எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே, முடிவை உறுதி செய்வதற்கான இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. நாற்பது இடம். விண்ணப்பம் நானூறு. என் மனைவியின் தம்பி ராசுவுக்கும் கண்ணில் அழுத்தம் இருந்தது. "இத்தன வருசம் ஆபீசுல குப்ப கொட்டி, என்ற தம்பிக்கு ஒரு இடம் வாங்கித் தர முடியலீங்களா?" என்று வீட்டில் நச்சரிப்பு. டாக்டரின் கையைக் காலைப் பிடித்து முதல் பெயராக அவன் பெயரைச் சேர்த்தேன்.

ராசு நன்றி மறக்காதவன். இன்றும் நான் போனால், குரல் கேட்டதும் எழுந்துவிடுவான். எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று விசாரித்து, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவான்.