காஜா பெராங்கில் ஆள் எடுத்தவர்

பந்து உதைக்கிறவர்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உதைக்கிறவர்களைப் பொறுக்கி எடுக்கிறாரே, அவரைப் பற்றி எழுத யார் இருக்கிறார்கள்? அவர் ஒரு தனிப் பிறவி. உலகத்தில் எந்தத் திடலில் நாலு பேர் சேர்ந்து பந்தாடினாலும், அந்த நாலு பேர் யார் யாராக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு ஐந்தாவதாக ஒருவர் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஓட வராது. உதைக்க வராது. வெயில் ஆகாது. ஆனால் யாருக்கு என்ன வரும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. ஜெயித்தால், "நான் எடுத்த ஆளுங்க" என்பார். தோற்றால், "நான் சொன்னதைப் பசங்க கேக்கல" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆயுள் முழுக்க மரியாதையாக வாழ்ந்துவிட முடியும். நம்ப முடியவில்லையா? உங்கள் ஊர்த் திடலுக்குப் போய்ப் பாருங்கள்.

மலாக்காவில், காஜா பெராங்கில், அப்படி வாழ்ந்தவர் ராஜரத்தினம். ரப்பர் வாங்கி விற்கும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. பேரேடு எழுதுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்தியர் பந்தாட்டக் குழுவின் காரியதரிசி. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவர் பந்தை உதைத்திருக்கிறார். செமாபோக் டீமோடு ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பந்து தானாக உருண்டு அவர் காலடிக்கு வந்து நின்றது. எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், பக்கத்தில் இருந்தவர்களைக் கையால் விலக்கினார், ஓங்கி ஒரு உதை விட்டார். செருப்பு பறந்துபோய் கோலுக்குள் விழுந்தது. பந்து அங்கேயே இருந்தது. ஆட்டக்காரர்களில் மூன்று பேர் சிரித்தார்கள். மூன்று பேரும் அடுத்த சீசனில் டீமில் இல்லை.

அவர் ஆள் எடுக்கும் முறையே தனி. காலைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். அப்பா பெயரைக் கேட்பார். உட்காரச் சொன்ன பிறகு உட்காருகிறானா, சொல்வதற்கு முன்பே உட்காருகிறானா என்று கவனிப்பார். "ஆட்டத்தைப் பழகிக்கலாம், பணிவைப் பழக முடியாது" என்பது அவர் கட்சி. இதனால் காஜா பெராங் டீம் மலாக்காவிலேயே பணிவான டீம் என்று பேர் வாங்கியது. வருஷா வருஷம் பக்கத்துத் தெங்கேரா டீமிடம் பணிந்தும் போனது. யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. தோற்றால் என்ன? காப்பிக்கடைக்குப் போவார்கள், ஆளுக்கொரு காப்பி குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். ஒரு வீண் பெருமைக்காரரால் அதற்கு மேல் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

ஜப்பான்காரன் வந்தான்.

வெள்ளைக்காரன் கம்பெனியைப் பூட்டிவிட்டு ஓடினான். திடலில் பாதி மரவள்ளிக்கிழங்குக்குப் போனது. வேலை போன ராஜரத்தினம் தன் வீட்டுக் கொல்லையில் கிழங்குக் குச்சிகளைப் பரப்பிவைத்து, எது முன்வரிசைக்கு லாயக்கு, எது பின்வரிசைக்கு லாயக்கு என்று பார்த்துப் பார்த்து நட்டுக்கொண்டிருந்தார். பழக்கம் விடவில்லை.

நாற்பத்து மூன்றில், சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். பசாருக்கு உப்பு வாங்கப் போனவன் வீடு திரும்பவில்லை. கல்யாண வீட்டு வாசலில் லோரி வந்து நின்றது. அந்தச் சமயத்தில்தான், ஊரை ஆண்டுகொண்டிருந்த ராணுவ அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊர் மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. சந்தோஷம் எங்கேயும் கண்ணில் படவில்லை. அவரோ படிக்கிற காலத்தில் பந்தாடியவர். ஆகவே இனத்துக்கு ஒரு டீம், போட்டி, பரிசு என்று உத்தரவு போட்டார்.

உத்தரவைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் சைக்கிளில் ராஜரத்தினம் வீட்டுக்கு வந்தார்.

"பதினாலு பேர் வேணும். நல்லா ஆடணும், கிராணியாரே. டீம்ல இருக்கிறவனுக்கு அரிசி உண்டு. சயாமுக்குப் பிடிக்க மாட்டாங்க. ஆளை நீங்கதான் எடுக்கணும்."

இதில் ராஜரத்தினத்தின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

மறுநாள் காலையில் காஜா பெராங்கில் பந்தாடத் தெரியாத ஆம்பிளையே இல்லை. வாசலில் கூட்டம். ஐம்பதைத் தாண்டிய நகைக்கடைச் சின்னப்பா பத்தர், ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தான் சின்ன வயதில் ஊரிலே பெரிய ஆட்டக்காரனாக இருந்ததை நினைவுபடுத்தினார். எந்த ஊரில் என்று கேட்டதற்குக் கோழியை முன்னால் நீட்டினார்.

"என்னங்க இது அநியாயம்?" என்றார் கமலவேணி, ராஜரத்தினத்தின் மனைவி. "பத்தர் கீழ விழுந்த பொடிமட்டையை எடுக்கவே ஆள் தேடுறவரு. அவரா ஓடப்போறாரு?"

"டீம்னா நடுவுல ஒரு நிதானமான ஆள் வேணும், கமலா."

நிதானம் அப்போது கொல்லையில் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

தங்கை பாக்கியலட்சுமியின் மகன் சேதுராமனையும் எடுத்தார். சேது நல்ல பையன். நாலு எட்டு ஓடினால் உட்கார்ந்துவிடுவான். "தங்கச்சி மகன்னு எடுக்கல. எடுத்த பிறகு பார்த்தா தங்கச்சி மகனா இருக்கான்" என்று ஊருக்கு விளக்கம் சொன்னார். செட்டி கம்பத்திலிருந்து கணபதி வந்தான். வீட்டில் மலாய் பேசி வளர்ந்தவன். தமிழ் அவனுக்குப் பாதிகூடப் புரியாது. ஆகவே ராஜரத்தினம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, 'ஆமாம் ஐயா' என்பதை மலாயில் "யா, எஞ்சே" என்றான். கோல் காக்கிறாயா? "யா, எஞ்சே." முன்னால் ஆடுகிறாயா? "யா, எஞ்சே." இவ்வளவு அடக்கமான பிள்ளையை ராஜரத்தினம் பார்த்ததே இல்லை. கோல்கீப்பர் வேலை கிடைத்தது.

பதின்மூன்று இடம் நிரம்பிய பிறகு மருதமுத்து வந்தான்.

மருதமுத்து மாட்டுவண்டியில் விறகு ஓட்டுகிறவன். இடது காலால் அவன் பந்தைக் கொண்டுபோவதைப் பார்க்கத் தெங்கேராக்காரர்களே வருவார்கள். செருப்பு பறந்த அன்று சிரித்த மூன்று பேரில் ஒருவன்.

"கிராணி ஐயா, பூங்காவனம் மாசமா இருக்கா. சடக்குல போறவன் வர்றவனையெல்லாம் லோரியில ஏத்துறான். என்னையும் டீம்ல சேர்த்துக்குங்க. எந்த எடமா இருந்தாலும் சரி. வெளிய உக்கார வச்சாலும் சரி."

ராஜரத்தினம் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே இனிப்பாக ஏதோ இறங்கியது. பதினாலாவது இடத்தை அவனுக்குத்தான் கொடுக்கப்போகிறார். அதில் அவருக்கே சந்தேகம் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அவன் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"உன் ஆட்டத்தை நான் குறை சொல்லல. குணம்தான் கொஞ்சம் பத்தாது. அடுத்த சீசன்ல பார்ப்போமே."

"அடுத்த சீசன்ல நான் எங்க கெடப்பேனோ, யாருக்கு ஐயா தெரியும்?"

ராஜரத்தினம் காத்திருந்தார். மருதமுத்துவும் நின்றான். இரண்டாம் தடவை கெஞ்சினால் கிடைக்கும் என்று பாவம், அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? "சரிங்க ஐயா" என்று தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டான்.

"கூப்புடுங்க அவனை!" கமலவேணி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "புள்ளத்தாச்சி இருக்கிற வீடுங்க!"

"கேக்கத் தெரியாதவன் ஆடி என்ன ஆகப்போகுது? இது டீம் விஷயம். நீ உள்ள போ."

பதினாலாவது இடம், மறுநாள் சாலையில் அவரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் வைத்த ஒருவனுக்குப் போனது. மருதமுத்து மனைவியையும் சட்டிபானைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, புக்கிட் ரம்பாய்ப் பக்கம் காட்டோரத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனரிடம் போய்ச் சேர்ந்தான்.

போட்டி தொடங்குவதற்கு முன்னால், தெங்கேராக்காரர்களோடு ஒரு பழக்க ஆட்டத்தைப் பார்க்க அதிகாரி வந்தார். ஜப்பான் அதிகாரியைக் கண்டால் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும் என்பது அப்போது சட்டம். தெங்கேராப் பையன்கள் ஆரம்பத்தில் ஒரு கும்பிடு போட்டார்கள், அப்புறம் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ராஜரத்தினம் எடுத்த ஆட்களோ பணிவுக்காக எடுக்கப்பட்டவர்கள். அதிகாரி திடலைச் சுற்றி நடந்தார். அவர் எந்தப் பக்கம் நடந்தாரோ அந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு வரிசையாகக் குனிந்தார்கள். கோலுக்குப் பின்னால் வந்தார். கணபதி திரும்பி நின்று குனிந்தான். முதுகுப் பக்கமாகப் பந்து உள்ளே போனது. மறுபடி குனிந்தான்; மறுபடி போனது. சேது உட்கார்ந்துவிட்டான். கடைசியில் பந்து உருண்டு பத்தரிடம் வந்தது. பத்தர் அதை இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்து, துடைத்து, நடந்துபோய் அதிகாரியிடமே கொடுத்தார்.

ராஜரத்தினத்துக்கு நெஞ்சு விம்மியது. என்ன அடக்கம்! என்ன ஒழுங்கு! பிறகுதான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.

"பாக்கேரோ!"

முட்டாளே என்று ஜப்பான் மொழியில் திட்டு அது.

"இந்த ஆளுங்களை எடுத்தது யாருன்னு கேக்குறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இந்தக் கேள்விக்காகத்தானே மனிதர் இத்தனை வருஷம் காத்திருந்தார்? "நான்" என்று தொண்டை வரை வந்துவிட்டது. வெளியே வரும்போது அது "நாங்க" ஆகிவிட்டது. "நாங்க... கமிட்டிதான்..." கமிட்டி எங்கே என்று அதிகாரி கையைக் காட்டிக் கேட்டார். ராஜரத்தினம் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. இரண்டு கன்னத்திலும் அறை விழுந்தது.

ஆடத் தெரியாதவன் வேலை செய்யட்டும் என்று உத்தரவானது. லோரி வந்தது. பதினாலு பேரையும், கூடவே ராஜரத்தினத்தையும், வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் ஆள் எடுத்துக்கொண்டு வந்தான். அவன் யாருடைய அப்பா பெயரையும் கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. தொடையைத் தட்டினான், கெண்டைக்காலை அமுக்கினான், தோளை இழுத்துப் பார்த்தான். ஆள் எடுக்கும் வித்தையை அன்றுதான் காஜா பெராங் ஒழுங்காகப் பார்த்தது. பத்தரை ஓரமாகத் தள்ளினான். கணபதி ஏறினான். சேது ஏறினான், ஏறும்போது மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

ராஜரத்தினத்தின் முறை வந்தது. சிப்பாய் அவர் கையைத் தூக்கினான். விட்டான். கை பொத்தென்று விழுந்தது. பக்கத்துச் சிப்பாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, அவரைப் பத்தர் பக்கமாகத் தள்ளினான்.

உயிர் தப்பியது. சாமி கும்பிட வேண்டிய நேரம் அது. ஆனால் அந்தக் கணத்தில் அவர் மனத்தில் முதலில் எழுந்தது வேறு: 'என்னிடம் என்ன குறையைக் கண்டான்?' கண் இமைக்கிற நேரம்தான். ஆனாலும் எழுந்தது எழுந்ததுதான்.

பாக்கியலட்சுமி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "அண்ணே, எம்புள்ள எங்க? டீம்ல இருந்தா பிடிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" ஜெயித்தால் சொல்லும் வாக்கியமும் உதவவில்லை, தோற்றால் சொல்லும் வாக்கியமும் உதவவில்லை. வீங்கிய கன்னத்தோடு நின்றார். கமலவேணி கொல்லைக்குப் போய், கோழியைப் பிடித்து, பத்தர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ராஜரத்தினம் அன்று சாப்பிடவில்லை. வெகுநாள் வரைக்கும் தங்கை வீட்டுத் தெருவில் நடக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் வந்தார்கள். கணபதி வரவில்லை. சேது வந்தான், உடம்பில் பாதி இல்லை, ஒரு காலில் ஆறாத புண். புக்கிட் ரம்பாயிலிருந்து மருதமுத்துவும் பூங்காவனமும் ஒரு பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள்.

திடலில் கிழங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி டீம் சேர்க்கலாம் என்று காப்பிக்கடையில் கூடினார்கள். ஆளை யார் எடுப்பது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு ஊர்ப் பொல்லாப்பு வேண்டாம். "யாராச்சும் ஒருத்தர் செய்யத்தானே வேணும்" என்று ராஜரத்தினம் மெதுவாகச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. இப்படித்தான் எப்போதும் நடக்கிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "மருதமுத்து, அன்னைக்கு உன்னை எடுக்கலன்னு மனசுல வச்சிருப்ப. எடுத்திருந்தா இன்னைக்கு இப்படி உக்காந்து காப்பி குடிப்பியா? நாலையும் யோசிச்சுத்தான் நான் உன்னை விட்டேன்."

மருதமுத்து கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்போ சேதுவை எதை யோசிச்சு எடுத்தீங்க, கிராணியாரே?"

சேது புண்காலை மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"சரி, சரி" என்றார் ராஜரத்தினம். "கோல்கீப்பர் எடம் காலியா இருக்கு. அதுக்கு யாரு?"

இவரைத் திட்டிக்கொண்டேதான் இதுவரை படித்திருப்பீர்கள். திட்டுங்கள், நியாயம்தான். ஆனால் ஒன்று. மருதமுத்து வாசலில் வந்து நின்றதுமே அவனுக்கு நீங்கள் இடம் கொடுத்துவிட்டீர்கள், இல்லையா? பத்தரை நீக்கிவிடலாம், சேதுவை நீக்கிவிடலாம் என்றுகூட மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்கள். அவர்களை நீக்கிவிட்டால் எந்த லோரியில் ஏறுவார்கள் என்று பார்த்தீர்களா? பரவாயில்லை, ஆள் எடுக்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் வைத்தானே ஒருவன், அவனும் அன்று சயாமுக்குப் போனான். அவன் பெயரை நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. திரும்பி வந்தானா என்றுகூட.