முப்பத்தொன்றாம் நம்பர் மாருதி

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் மலை ஏறத் தீர்மானித்தால் வீட்டில் இருப்பவர்கள் அவருடைய முட்டியைப் பற்றிக் கவலைப்படுவார்கள். ரெத்தினதாஸ் காலால் ஏறத் தீர்மானிக்கவில்லை. காரால் ஏறத் தீர்மானித்தார். அதுவும் பந்தயத்தில்.

பாறசாலையில் அவருக்கு ஒரு பெயின்ட் கடை. முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நிறம் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தன் வாழ்க்கைக்கு நிறமே இல்லை என்று அவருக்குத் திடீரென்று தோன்றியதற்கு ஒரு நோட்டீஸ்தான் காரணம். சாத்தன்பாறை மலையில் அமெச்சூர் கார் ஏற்றம். பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். அடிவாரத்தில் கொடி அசைவதிலிருந்து உச்சியில் கோட்டைத் தொடுவதுவரை எத்தனை விநாடி என்பதுதான் போட்டி. சாதாரண லைசென்ஸ் போதும், சாதாரண கார் போதும்.

அவர் முதலில் டீக்கடையில் சொன்னார். பிறகு சந்தையில் சொன்னார். பிறகு ஆலயத்தில், ஆராதனை முடிந்து செருப்புத் தேடும் நேரத்தில் சொன்னார். டீக்கடை நண்பர்கள் ஏழாம் வளைவில் கட்டுவதற்குப் பிளக்ஸே அடித்துவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட ரெத்தினதாஸ். கீழே 'மலை வேந்தன்'. இனி அவர் ஓடாமல் போனால் பாறசாலைச் சந்தியில் பால் வாங்கக்கூடப் போக முடியாது. இவ்வளவும் ஆன பிறகுதான் நோட்டீஸின் பின்பக்கத்தைப் படித்தார்.

ஐந்தாம் விதி: வண்டி ஓட்டுகிறவருக்குச் சொந்தமில்லை என்றால் சொந்தக்காரர் ஆட்சேபமில்லை என்று முத்திரைப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும்.

வண்டி ஆனந்தபாய்க்குச் சொந்தம். ஆனந்தபாய் அவர் மனைவி. நெய்யாற்றின்கரையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே அவளுக்கு ஆதாரம் எழுத்து ஆபீஸ், அதாவது நிலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் எழுதும் தொழில். அந்த லைசென்ஸ் கிடைத்த வருஷம் தன் சொந்தக் காசில் வாங்கிய மாருதி அது. அதில் அவள் மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கோ இருக்கும் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வருவாள். ரெத்தினதாஸ் போக மாட்டார். அக்கா புருஷன் வாயைத் திறந்தால் ரப்பர் விலை.

ரெத்தினதாஸுக்கு ஒரு யுக்தி பிறந்தது. மனைவி வீட்டுக்கு எடுத்துவரும் பத்திரக் கட்டில் இருபது முப்பது கையெழுத்தை மடமடவென்று போடுவாள். நடுவில் ஒன்றைச் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும்? தானே எழுதி, தானே செருகி, தானே காப்பியும் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காப்பி போட்டதுதான் தப்பு. கல்யாணமான நாள் முதல் அவர் காப்பி போட்டதில்லை.

ஆனந்தபாய் பன்னிரண்டாவது தாளில் நின்றாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"இது ஆரு எழுதினது?"

"எது?"

"தேதி இல்ல. சாட்சி இல்ல. என்ஜின் நம்பர் இல்ல. 'ஆட்சேபம் இல்லை'ண்ணு மட்டும் போட்டா எப்பிடி? யாதொரு ஆட்சேபமும் இல்லைண்ணு எழுதணும். இது செல்லாது."

"அது வந்து ஆனந்தம், ஒரு சின்ன ரேஸ்..."

"சின்ன ரேஸா இருந்தாலும் பத்திரம் பத்திரம்தான். எந்த மலை?"

"சாத்தன்பாறை."

ஆனந்தபாய் பேனாவை மூடினாள். "செரி. பேப்பர் வேலைய நான் செய்யியேன். நீங்க வண்டிய நோக்குங்க."

ரெத்தினதாஸ் இதை எதிர்பார்க்கவில்லை. அழுகைக்கு ஒரு பதிலும், கோபத்துக்கு ஒரு பதிலும், பட்டினிக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். மூன்றும் வீணாய்ப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

மறுநாள் முதல் வண்டி, வீட்டு முற்றத்தில் பலாமரத்தடியில் நின்றது. ஒர்க்‌ஷாப் மனு வந்தான். பிரேக் மாற்றினான், கிளட்ச் மாற்றினான், நல்ல டயர் போட்டான், பேட்டரியை நகராதபடி பட்டை வைத்து இறுக்கினான். இழுத்துக் கட்டும் கொக்கிக்கு ரெத்தினதாஸே கடையிலிருந்து சிவப்பு பெயின்ட் கொண்டுவந்து அடித்தார். கதவில் 31 என்று எழுதினார். மூன்று கோட் அடித்தார். அந்த நம்பர் காய்வதைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் ஆனந்தபாய் ஆபீஸ் விட்டு வந்தபோது வண்டியின் பின்சீட் சமையலறையில் கிடந்தது.

"இது எதுக்கு இஞ்ச வந்து கெடக்குது?"

"பாரம் கொறைக்கணும். ரேஸ்ல பாரம்தான் ஆக்கும் முக்கியம். ஒரு கிலோ கொறைஞ்சாலும் லாபம்."

"பின்சீட்டு எத்தன கிலோ?"

"பதினெட்டு."

"நீங்க எத்தன கிலோ?"

"அது எதுக்கு இப்ப?"

"ஃபாரத்தில எழுதணும்."

"தொண்ணூத்தி நாலு." கொஞ்சம் யோசித்து, "ஷூ போட்டு" என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். பின்சீட்டின் மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். உட்கார வசதியாக இருக்கிறது, இதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றாள்.

ஹெல்மெட்டும் வந்தது. முகம் முழுக்க மூடுவது. ரெத்தினதாஸின் தலை காதுவரைக்கும் போய் அதற்குமேல் போக மறுத்தது. ஆனந்தபாய் வாங்கி மாட்டிப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

"இதைக் குடுத்து வேற வாங்கியேன்" என்றார்.

"இருக்கட்டு. நல்ல ஹெல்மெட்டு."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓட்டிப் பார்க்கச் சாத்தன்பாறைக்குப் போனார்கள். நாலு வளைவு வரை ரெத்தினதாஸ் விசில் அடித்தபடியே ஓட்டினார். ஐந்தாவதில் வண்டி இருமியது. பிறகு நின்றது. பிறகு பின்னால் போகத் தொடங்கியது.

"வளைவுக்கு முன்னாடியே ரெண்டாம் கியர் போடணும்" என்றாள் ஆனந்தபாய், கைப்பிரேக்கை இழுத்தபடி. "இஞ்ச ரோட்டுக்க உள்பக்கம் செங்குத்தாக்கும். வெளிப்பக்கமா எடுத்தா இழுக்கும்."

"ஆனந்தம், இது ரேஸ் டிரைவிங். ஒனக்கு அது மனசிலாகாது."

"செரி."

"ஒனக்கு எப்பிடித் தெரியும் உள்பக்கம் செங்குத்துண்ணு?"

"அக்காக்க வீடு மேலயாக்கும். பத்து வருஷமாட்டு வாறேன்லா. சக்கையும் தேங்காயும் ஏத்திட்டு."

ரெத்தினதாஸ் அதைக் காதில் வாங்கவில்லை. திரும்ப ஸ்டார்ட் செய்யும் மும்முரத்தில் இருந்தார். உச்சிக்குப் போனபோது அக்கா புருஷன் கேட்டருகே நின்று ரப்பர் விலையைச் சொன்னார்.

இனி மிச்சம் இருந்தது ஓட்டுகிறவருக்கு வேண்டிய டாக்டர் சர்டிபிகேட் ஒன்றுதான். டாக்டர் பிரஷர் பார்த்தார். சந்தேகப்பட்டு இன்னொரு கையிலும் பார்த்தார். மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்தப் பிரஷர வச்சிட்டு மாடிப்படி ஏறுறதே ரிஸ்க். இதுல நான் ஒப்பு போட மாட்டேன்."

வீடு வரும்வரை ரெத்தினதாஸின் கண்ணெதிரே பிளக்ஸ் ஆடியது. கூலிங் கிளாஸ் போட்ட தன் முகமே தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. வீட்டு வாசலில் நின்று, "ஆனந்தம், எல்லாம் போச்சு" என்றார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியது. மலை வேந்தன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனந்தபாய்க்கு இரக்கம் வந்தது. வராமல் இருக்குமா? இருபத்துநாலு வருஷத் தாம்பத்தியம்.

"கரையாதீங்க. வண்டி ஓடும். டாக்டர் சர்டிபிகேட்ட நான் பாத்துக்கிடுவேன்."

"ஒன்னால முடியுமா?"

"முடியும்."

ரெத்தினதாஸ் மனைவியை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததே இல்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவள், நாலு பேரைத் தெரியும், எங்கேயாவது வாங்கிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டார். அன்று அவளுக்கு இரண்டாம் முறையாகக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பத்திரங்கள் தயாராகின. ஆதாரம் எழுத்துக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. எழுதியதைக் கையெழுத்துப் போடுகிறவருக்கு முழுசாக வாசித்துக் கேட்பிக்க வேண்டும். அவர் கேட்டு, சம்மதித்து, சாட்சி முன்னால் ஒப்புப் போட வேண்டும். ஆனந்தபாய் இந்த முறையிலிருந்து மயிரிழைகூட விலகியதில்லை. சொந்த அப்பாவுக்கே வாசித்துக் கேட்பித்துத்தான் பாகப்பத்திரத்தில் ஒப்பு வாங்கினாள்.

அன்று அவள் ஃபைலும் கையுமாக முற்றத்துக்கு வந்தாள். கூடவே சாட்சிக்கு அடுத்த வீட்டு அம்மிணி. ரெத்தினதாஸ் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். சைலன்ஸரில் எங்கோ ஓட்டை. எங்கே என்று தெரிவதற்காக மனு உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான்.

"பத்திரம் வாசிக்கப் போறேன். வெளிய வாருங்க."

"நேரம் இல்ல. நீ வாசி, கேக்குது."

ஆனந்தபாய் நின்றபடி, ஆபீஸ் குரலில் வாசித்தாள். நாலு பக்கம். வண்டிக்கு அடியில் 'மேற்படி' கேட்டது. 'சொந்த மனசாலே' கேட்டது. 'யாதொரு' இரண்டு தடவை கேட்டது. மற்றதெல்லாம் சைலன்ஸரோடு போய்விட்டது.

"கேட்டிங்களா?"

"கேட்டேன், கேட்டேன்."

"மனசிலாச்சா?"

"எல்லாம் மனசிலாச்சு தாயே. எங்க போடணும்ணு மட்டும் காட்டு."

வண்டிக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த கை ஒன்று நீண்டது. பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம், ஐந்து இடத்தில், ஒப்புப் போட்டது. திரும்ப உள்ளே போனது.

"அம்மிணி, நீ பாத்தியா?"

"பாத்தேன் அக்கா. அண்ணன் கேட்டுச் சம்மதிச்சாச்சு" என்று அம்மிணியும் ஒப்புப் போட்டாள்.

பந்தயத்தன்று காலையில் சாத்தன்பாறை அடிவாரம் திருவிழா. வண்டியைச் சோதித்தவர்கள் பேட்டரியை ஆட்டிப் பார்த்தார்கள், ஆடவில்லை. கொக்கியை இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. பேப்பர்களைப் பார்த்தவர், இப்படி ஒரு ஃபைலை இதுவரை பார்த்ததில்லை என்று கூட இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். ரெத்தினதாஸ் பெருமையோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். தலைக்குத் தன் பழைய ஸ்கூட்டர் ஹெல்மெட். மனசு ஏற்கனவே ஏழாம் வளைவில் இருந்தது.

பந்தயம் நடத்தும் கிளப்பைச் சேர்ந்த அனூஜ் லிஸ்டோடு வந்தான்.

"முப்பத்தொண்ணு. டிரைவர் எவிடே சேட்டா?"

"நான்தான்."

"ஆனந்தபாய்?"

"அது ஓனர். என் வைஃப். ஓட்டுறது நான்."

அனூஜ் தாளைப் புரட்டினான். "இல்லல்லோ. ஓனரும் டிரைவரும் ஆனந்தபாய். சேட்டன் ரெத்தினதாஸ்தானே? சேட்டன் சகாயி, ஹெல்பர். குடிவெள்ளம், ஜாக்கி, பஞ்சர்."

ரெத்தினதாஸ் திரும்பினார். முழுக்கை சுடிதாரில், அந்த நல்ல ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஆனந்தபாய் நின்றிருந்தாள். பக்கத்தில் ஃபைலோடு அம்மிணி.

"ஆனந்தம்! இது என்ன சதி?"

"சதியா? வாசிச்சுக் கேப்பிச்சேனா இல்லியா?"

"சர்டிபிகேட்ட பாத்துக்கிடுவேன்னு சொன்னியே!"

"பாத்துக்கிட்டேன்லா. டாக்டர் ஒங்களுக்குத் தர மாட்டேன்னாரு. எனக்கு ஒடனே தந்தாரு."

"ஆனா ரேஸ்ல..."

"பாரம்தான் முக்கியம்ணு நீங்கதானே சொன்னிய? பின்சீட்ட எடுத்தா பதினெட்டு கிலோ. ஒங்கள எடுத்துட்டு என்ன வச்சா நாப்பத்தி ரெண்டு கிலோ லாபம்." கதவைத் திறந்தாள். "எறங்குங்க. நேரமாவுது."

அவர் இறங்கினார். வண்டி லேசாகி மேலெழுந்தது. கூட்டத்தில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

கொடி அசைந்தது. மாருதி போனது. முதல் வளைவில் அது திரும்பிய விதத்தைப் பார்த்தபோது ரெத்தினதாஸுக்கு ஒன்று விளங்கியது. பலாப்பழமும் தேங்காயும் ஏற்றி இந்த ரோட்டில் பத்து வருஷம் போனவளுக்கு, ஒன்றும் ஏற்றாமல் போவது விளையாட்டு.

ஆனாலும் மனிதனுக்கு நல்ல காலம் முற்றிலும் போய்விடுவதில்லை. கிளப் ஜீப்பில் மலையின் மறுபக்க ரோடு வழியாக உச்சிக்குப் போகும்போது போன் அடித்தது. ஏழாம் வளைவிலிருந்து டீக்கடைக்காரர்.

"தாஸண்ணே! எலே, என்ன ஒரு வெட்டு! நாங்க பூ எறிஞ்சது விழுந்துதா?"

முகம் மூடிய ஹெல்மெட். கதவில் 31. அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரெத்தினதாஸ் மெதுவாக, "விழுந்துது மக்கா" என்றார். பாறசாலையில் இனியும் பால் வாங்கலாம். மனைவி ஒருத்தியைச் சரிக்கட்டினால் போதும். இன்னொரு காப்பியில் முடிந்துவிடும்.

உச்சியில் முடிவு சொன்னார்கள். சின்ன வண்டிகளில் முப்பத்தொன்றாம் நம்பர் இரண்டாவது. பெயரைச் சொல்லவில்லை. ரெத்தினதாஸ் மூச்சு விட்டார். விட்டு முடிப்பதற்குள் உள்ளூர் சேனல்காரர் மைக்கோடு வந்தார். மலை முழுக்க, வளைவுக்கு ஒன்றாகக் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் எல்லாம் அந்த மைக் பேசியது.

"சேட்டா, சேச்சி மலையில ஓட்டுறதுக்கு வீட்டுல எதிர்ப்பு ஏதும் உண்டாயோ?"

கீழே ஏழாம் வளைவில் கைதட்டல் நின்றது. ஆனந்தபாய் பரிசுக் கப்பை அம்மிணியிடம் கொடுத்துவிட்டு, ஃபைலைத் திறந்து, கிரீஸ் விரலடையாளம் பதிந்திருந்த ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். ரெத்தினதாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக, அதை முழுசாக மைக்கில் வாசித்தார்:

"என் மனைவி ஆனந்தபாய் மேற்படி வண்டியில் மேற்படி மலை ஏறுவதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை."