நனையாமல் கடல் தாண்டியவர்

கடலை வென்றவர்கள் என்று உலகம் யார் யாரையோ கொண்டாடுகிறது. அவர்களெல்லாம் உப்புத் தண்ணீர் குடித்து, பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து, கூட வந்தவர்களில் பாதிப் பேரைப் பறிகொடுத்து வென்றவர்கள். மேலே ஒரு சொட்டு படாமல் கடலை நிர்வகித்துக் காட்டிய பெருமை, 'சிறு தீவுகள் படகுப் பயணத் திட்டப் பிரிவு' துணை இயக்குநர் ஒருவருக்கே உரியது.

அந்தப் பிரிவு அரசுக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. கடல்மட்டம் உயரப்போகிறது என்று விஞ்ஞானிகள் சொல்லிவந்ததால் எடுத்த முன்னெச்சரிக்கை அது. துணை இயக்குநரின் மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைப் படகு. சுவரில் பெரிய கடல் வரைபடம். தீவுகள் இருந்த மூலையை மட்டும் ஏசி மறைத்திருந்தது. யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், "இந்த ரூம்லயே ரொம்பக் குளுகுளுன்னு இருக்கிறது அந்தத் தீவுகள்தான்" என்பார்.

அவருக்கு ஒரு ரகசியம் உண்டு. அது மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் பூங்கா ஊஞ்சலில் அவளோடு உட்கார்ந்தவர், இரண்டாவது ஆட்டத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடிவிட்டார். இப்படிப்பட்டவரிடம் கடலை ஒப்படைத்தது நிர்வாகத்தின் தொலைநோக்கு. மிட்டாய்க் கடைச் சாவியை இனிப்பே பிடிக்காதவரிடம்தானே கொடுக்க வேண்டும்?

தீவுகளில் பெரியதாக இருந்த ஒன்றில் மருத்துவமனை கிடையாது. ஒரு செவிலியரும் ஒரு மருந்து அலமாரியும் உண்டு. அந்தச் செவிலியர் வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"சார், படகு எப்ப வரும்?"

"திட்டம் கரையேறிடுச்சு சிஸ்டர்."

"எங்களுக்கு அது கடல்ல இறங்கினாப் போதும் சார்."

ஒருநாள் அவர் கூப்பிட்டபோது முக்கியமான ஆலோசனைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேல் நின்றுவிடும் நாகரிகக் கால்சட்டை போட்ட ஆலோசகர், திரையில் வெள்ளை மணலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"படகுங்கிற வார்த்தையே கொஞ்சம் பழசு சார். 'மிதவை அனுபவம்'னு வச்சுக்கலாம்."

"பிரமாதம். தீவுல ஆளுங்க இருக்காங்களே, அவங்க படத்துல காணோமே?"

"சேர்த்துப் பார்த்தேன் சார். நெரிசலாத் தெரியுது."

அடுத்து இருக்கைகளின் நிறம். நீலம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த நீலம் என்பதில் கூட்டம் இரண்டாகப் பிளந்து நின்றபோதுதான் தொலைபேசி அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று துணை இயக்குநர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சார், இங்க ஒரு பொண்ணுக்கு மாசம் நெருங்கிட்டிருக்கு. வலி வந்தா மீன்பிடிப் படகுலதான் ஏத்தணும். மழை பிடிச்சா அதையும் எடுக்க மாட்டாங்க."

"முதல் கட்டத்துல விளம்பரக் காணொளி, ரெண்டாம் கட்டத்துல படகு. அப்படித்தான் வகுத்திருக்கோம் சிஸ்டர்."

"வலிக்கு ஒரே கட்டம்தான் சார்."

துணை இயக்குநரின் கண் கலங்கியது. மனிதாபிமான அடிப்படையில், நீலப் பிரச்சினையை அன்றே முடித்துவைத்தார்.

திட்டம் மேலிடத்துக்குப் போனது. ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: 'தீவு மக்களுக்குப் படகு உண்மையிலேயே தேவையா? நேரில் சென்று அறிக.' படித்ததும் அவருக்குப் பூங்கா ஊஞ்சல் நினைவுக்கு வந்தது. வீட்டில் மனைவி துண்டு, புதினா மாத்திரை, பிளாஸ்டிக் பைகள் எல்லாம் எடுத்துவைத்தாள்.

"இத்தனை பை போதுமாங்க?"

"போறதுக்கா, போயிட்டு வர்றதுக்கா?" என்று ஈனக் குரலில் கேட்டார்.

ஆனால் நேர்மையானவர்களை விதி கைவிடுவதில்லை. இங்கே விதி என்றது அலுவலக விதியை. அரசு அலுவலர் உரிமம் பெற்ற பயணிகள் படகில் மட்டுமே கடலில் செல்லலாம் என்று அதில் இருந்தது. தீவுக்கு அப்படியொரு படகு கிடையாது. அதைத் திட்டமிடத்தான் இந்தப் பிரிவே. படகுத்துறையில் தண்ணீரில் கால் வைக்காமல் நின்று இதைக் கண்டுபிடித்த துணை இயக்குநர், பக்கத்தில் இருந்த ஆலோசகரைக் கட்டிக்கொண்டார்.

"அப்ப எப்படி சார் தீவைப் பார்க்கிறது?"

"தீவு நம்மகிட்ட வரட்டும்."

அப்படித்தான் அந்தப் புகழ்பெற்ற 'மக்கள் கருத்துக் கேட்பு' ஏற்பாடானது. அன்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. கூட்ட அரங்கின் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. வாசலில் நின்ற துணை இயக்குநர் தீவுக்காரர்களை நினைத்துக்கொண்டார். வேண்டாம், இந்தக் காற்றில் கிளம்ப வேண்டாம் என்று அவர் உண்மையாகவே வேண்டிக்கொண்டார். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒத்திவைப்பதற்கு மேலிட அனுமதி வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

அவர்கள் வந்துவிட்டார்கள். ஒரே மீன்பிடிப் படகில் நெருக்கியடித்துக்கொண்டு, தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட. முன்னால் செவிலியர். அவர் தோளில் சாய்ந்தபடி அந்தக் கர்ப்பிணி. பின்னால் அவள் புருஷன், பல் கிட்டித்துப்போய்.

"இவங்களை ஏன் சிஸ்டர் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் இங்க வந்துட்டா அங்க இவளுக்கு யாரு சார் இருக்கா?"

ஆலோசகர் ஒலிவாங்கியோடு புருஷனிடம் போனார். "உங்க பயணம் எப்படி இருந்தது? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அவன் யோசித்தான். "வந்துட்டோம்."

ஆலோசகர் 'திருப்தி' என்று குறித்துக்கொண்டார்.

வரவேற்புரை பாதியில் இருக்கும்போது அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தாள். துணை இயக்குநர் அன்று நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் விடுவது பாவம். உரையைத் தூக்கிப் போட்டார். தன் காரிலேயே அவளை ஏற்றினார். குடையை அவளுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தார். ஆஸ்பத்திரி நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று சொன்னதும் சுவரில் சாய்ந்து அழுதேவிட்டார்.

"இந்தக் குழந்தைக்காகவாவது படகு விட்டே தீருவேன் சிஸ்டர்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தார். பொய் எழுதத் தெரியாத மனிதர். மேலிடம் கேட்டது தேவை உண்டா என்று. அவர் கண்ணால் கண்டதோ வேறு. அழைத்தவர்கள் அனைவரும் குறித்த நேரத்துக்கு வந்தார்கள். யாரும் மூழ்கவில்லை. நிறைமாதக் கர்ப்பிணிகூடப் பத்திரமாக வந்து சுகமாகப் பெற்றெடுத்தாள். அலையின் ஆட்டம் பிரசவத்துக்கு உதவியிருக்கலாம் என்று ஆலோசகர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான் வந்தது: 'தேவை நிரூபிக்கப்படவில்லை.'

அறிக்கையின் நேர்மையை மேலிடம் வெகுவாகப் பாராட்டியது. துணை இயக்குநர், இயக்குநர் ஆனார். பூங்கொத்துகளுக்கு நடுவே தொலைபேசி அடித்தது. செவிலியர்தான். விஷயம் தீவுக்கு எட்டிவிட்டிருந்தது.

"அப்ப நாங்க முழுகியிருக்கணுமா சார்?"

இயக்குநருக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கூடப்பிறந்தவளிடம் பேசுவதுபோல் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க சிஸ்டர். உங்கள்ல ஒரே ஒருத்தர் போயிருந்தாக்கூட, அன்னைக்கே ஒப்புதல் வாங்கியிருப்பேன்."

பாவம், மனமுடைந்துபோயிருப்பாள் என்று அவருக்கு இரக்கம் பொங்கியது.

"நம்பிக்கையை விட்டுடாதீங்க சிஸ்டர்" என்றார். "மழைக்காலம் இன்னும் முடியலையே."