உங்கள் தங்கையிடம் இருக்கும் பாதிக் கடவுச்சொல்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம் என்பது வழக்கத்துக்காக எழுதுவது. அங்கு உங்கள் தங்கை நலமா என்பது உண்மையாகவே கேட்பது. உறையைச் சுற்றி இத்தனை ஒட்டுநாடா எதற்கு என்று யோசித்திருப்பீர்கள். உங்கள் கைபேசியை அவளும் எடுத்துப் பார்ப்பாள் என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படியுங்கள்.

பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்தவள் என்ன காரணம் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. என் தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். கம்பெனிகளின் கையேடுகளை நான் தமிழாக்குவேன், அவள் திருத்துவாள். நான் எழுதியதில் முக்கால்வாசியை அடித்துவிட்டு, "இப்பத்தான் படிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். இந்த முறை வந்தது ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியின் வேலை. மோட்டார் இன்னும் கடைக்கே வரவில்லையாம், போட்டிக் கம்பெனிக்கு ஒரு வரி போய்விட்டால்கூடக் குடி முழுகிவிடுமாம், அதனால் எங்கள் கணினி முழுவதையும் குறியாக்கம் செய்து பூட்டினால்தான் வேலை தருவோம் என்று அவர்களுடைய மேலாளர் சொன்னார். 'தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது' என்ற வரியைத் திருடிக்கொண்டு போய் ஒருவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. கணினிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து விளக்கினார். "உள்ள இருக்கிறது அத்தனையையும் கலைச்சுப் போட்டுரும் சார். கடவுச்சொல்லை அடிச்சாத்தான் மறுபடி எழுத்தா சேரும்." மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "மறந்தா அவ்வளவுதான். நானே வந்தாலும் தொறக்க முடியாது." வேறு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். "யாரு வந்தாலும் தொறக்காது சார். அதுதான் இதுல இருக்கிற வசதியே."

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வழக்கமாக எனக்கு யோசனை வந்தால் உங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, "வேணாம்" என்று சொல்லிவிடுவாள். அன்று அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பதுபோல, கடவுச்சொல்லில் முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு என்று முடிவு செய்தேன். ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியக் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. நான் என் பாதியை அடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பேன், அவள் வந்து மீதியை அடிப்பாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அந்தக் கணினி தானே பூட்டிக்கொள்ளும். நான் ஒரு சொல்லுக்காக விட்டத்தைப் பார்த்து யோசித்தால் போதும், பூட்டிக்கொள்ளும். உடனே அவளைக் கூப்பிட வேண்டும். கையில் மாவோடு வருவாள், தலையில் நுரையோடு வருவாள். விசைப்பலகையில் இன்னும் மாவு ஒட்டியிருக்கிறது. "உங்களுக்கு யோசனையே வராம இருந்தா இந்த வீட்டுல நிம்மதியா சமைக்கலாம்" என்றாள். அது அந்த நேரத்துக்கு மட்டும் சொன்னதா, என் வாழ்க்கை முழுவதையும் சேர்த்துச் சொன்னதா என்று நான் விசாரிக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். பாதுகாப்பு என்று இறங்கியபின் முழுதாக இறங்குவோம் என்று எங்கள் இரண்டு கைபேசிகளிலும் செய்திகளைத் திறந்த சிறிது நேரத்தில் அவை மறைந்துபோகும்படி செய்தேன். அவள் காய்கறிக் கடைக்கு என்னை அனுப்பி, என்னென்ன வேண்டும் என்று செய்தி போடுவாள். வெங்காயத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டு அடுத்தது என்ன என்று பார்த்தால், ஒன்றும் இருக்காது. மூன்று வகை வாங்க வேண்டிய இடத்தில் வெங்காயமாகவே வாங்கி வந்தேன். "நாலு மணிக்கு வர்றேன்னு நீங்கதானே அனுப்பினீங்க" என்பாள், "அனுப்பவே இல்ல" என்பேன், இருவரும் கைபேசியைப் பார்ப்போம், வெறுமையாக இருக்கும். எங்கள் திருமண வாழ்க்கை இத்தனை காலம் ஆதாரத்தின் பேரில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது ஆதாரம் போன பிறகுதான் தெரிந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. சுவரைப் பார்த்து நின்றபடியே, நல்ல எண்ணத்தில்தான், "உன் பாதி ரொம்பச் சின்னதா இருக்கே, நாலஞ்சு எழுத்துதான் போல. திருடன் சுலபமா கண்டுபிடிச்சிருவானே" என்றேன். விசைச் சத்தம் நின்றது.

"சுவத்தைப் பாத்துக்கிட்டு எண்ணிக்கிட்டு இருந்தீங்களா?"

"காதுல விழுது. அதுக்கு நான் என்ன பண்றது?"

"என் மேல நம்பிக்கை இல்லாமத்தானே ரெண்டாப் பிரிச்சீங்க?"

"உன் மேல இல்ல. பொதுவா சொல்றேன்."

"பொதுவான்னா? இந்த வீட்டுல நான் ஒருத்திதானே இருக்கேன்?"

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். அவள் கணினியை மூடினாள், பெட்டியைக் கட்டினாள், தன் பாதியோடு புறப்பட்டாள்.

கையேடு உள்ளே மாட்டிக்கொண்டது. மேலாளர் தினமும் கூப்பிடுகிறார். இந்த வேலை கைநழுவினால் அடுத்ததும் வராது. அவளிடம் போனில் கேட்டேன். "வாயால சொல்லக் கூடாது, எழுதக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க. நான் சட்டத்தை மீறுறவ இல்ல" என்றாள். கெஞ்சியபின் மனமிரங்கி மறுநாள் தன் பாதியைச் செய்தியில் அனுப்பினாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது மறைந்துவிட்டது. மறுபடி கேட்டால், "ஒரு தடவை அனுப்பியாச்சு, அவ்வளவுதான்" என்கிறாள்.

ஆகவே நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கு அவளே வந்தாலும் சரி, பாதி மட்டும் வந்தாலும் சரி. தொழில் கெட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை, வேறொன்றுமில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசிகளையும் குறைவில்லாமல் சேர்த்துவிடுங்கள். படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடவும். காகிதம் தானாக மறையாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: செய்தி வந்தபோது கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. படித்தேன், திறந்தேன், கையேட்டை அன்றே அனுப்பிவிட்டேன். மேலாளர் அடுத்த வேலையும் கொடுத்துவிட்டார். இப்போது இரண்டு பாதியையும் நானேதான் அடிக்கிறேன். பழக்கத்தில் என் பாதி முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறேன், யாரும் வருவதில்லை. எனக்கு இந்த வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. பாதி மட்டும் வந்தாலும் சரி என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். அவளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். கணினி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, அவள் நேரில் வந்தால்தான் திறக்குமாம் என்று மட்டும் சொல்லுங்கள்.